முட்டு கொடுக்கிறவனுக்கு முட்டு எங்கே?

2025 செப்டம்பரில் கேரளத்தின் மூணாறு அருகே, பள்ளிவாசல் பஞ்சாயத்தில் உள்ள சித்திரபுரத்தில் இரண்டு தொழிலாளர்கள் மண்ணுக்குள் புதைந்து செத்தார்கள். ஒரு ரிசார்ட்டுக்காக மலைச்சரிவை நெட்டுக்குத்தாக வெட்டியிருந்தார்கள். வெட்டின இடத்துக்கு அடியில் நின்று இவர்கள் வேலை செய்துகொண்டிருந்தபோது மேலே இருந்த மண் மொத்தமாக இறங்கிவிட்டது. தீயணைப்புப் படையினரும் ஊர்க்காரர்களும் தோண்டி எடுத்தபோது உயிர் இல்லை. இருவரும் வெளியூரிலிருந்து வந்து இடம் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் அல்ல, பக்கத்து ஊர்க்காரர்கள்தான். அங்கே வேலையை நிறுத்தச் சொல்லி வருவாய்த்துறை முன்னமே ஸ்டாப் மெமோ கொடுத்திருந்ததாக அடுத்த நாள் பத்திரிகைகளில் வந்தது.

அவர்கள் கட்டிக்கொண்டிருந்தது தடுப்புச் சுவர். மண் சரியாமல் இருப்பதற்காகக் கட்டுகிற சுவர்.

இந்த ஒரு விஷயத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பேசினார்கள். ரிசார்ட்டுக்கு அனுமதி உண்டா, பட்டா சரியா, மெமோவை மீறியது யார் என்றெல்லாம் நாலு நாள் சத்தம் இருந்தது. எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அனுமதி, பட்டா, என்ஓசி எல்லாம் பக்காவாக இருந்திருந்தாலும் அந்த இரண்டு பேர் அதே இடத்தில்தான் நின்றிருப்பார்கள். பதினைந்து இருபது அடி உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டி, அதன் காலடியில் ஆளை இறக்கி, அஸ்திவாரம் தோண்டச் சொல்வதுதான் மூணாறு, பள்ளிவாசல், ஆனச்சால், குஞ்சித்தண்ணி வட்டாரம் முழுக்க வழக்கமாகிவிட்டது. அனுமதி வாங்கினவரும் அப்படித்தான் கட்டுகிறார், வாங்காதவரும் அப்படித்தான் கட்டுகிறார்.

இதை ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் செய்தால் மேனேஜர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இந்தியாவில் பூமிக்கடியில் இருக்கும் நிலக்கரிச் சுரங்கங்களில் அதிகம் பேரைக் கொன்றது விஷவாயுவோ வெள்ளமோ அல்ல, தலைக்கு மேலே இருக்கும் பாறைதான். கூரை இடிந்து ஒருவர், இருவர் என்று சாவார்கள். தலைப்புச் செய்தி ஆகாது. அந்தச் சாவுகளிலிருந்து பிறந்த பழக்கங்கள் சில உண்டு. வெடி வைத்துக் கரியைப் பெயர்த்ததும் யாரும் ஓடிப்போய் அள்ளுவதில்லை. முதலில் ஒருவர் நீளமான இரும்புக் கம்பியோடு போவார். ஏற்கெனவே முட்டு கொடுத்த கூரைக்கு அடியில் நின்றபடியே கம்பியை முன்னால் நீட்டிப் பாறையைத் தட்டுவார். கணீரென்று கேட்டால் கெட்டிப் பாறை. பொத்தென்று கேட்டால் உள்ளே எங்கோ விரிசல் விட்டுப் படலம் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு கையை மேலே வைத்துக்கொண்டு மறு கையால் தட்டும் அனுபவஸ்தர்களும் உண்டு. காதுக்கு எட்டாத அதிர்வு உள்ளங்கைக்கு எட்டும். தொங்கும் கல்லை நெம்பித் தள்ளிய பிறகே முட்டு வரும். முன்பு மரக்கால், இப்போது பெரும்பாலும் ரூஃப் போல்ட். கூரையில் துளை போட்டு, இரும்புக் கம்பியைச் சிமென்ட்டோ பிசினோ வைத்து இறுக்கி, அடியில் தகடு போட்டு முடுக்குவார்கள். தனித்தனியாகப் பிரிய நினைக்கும் பாறைப் படலங்கள் ஒன்றோடொன்று தைத்ததுபோல் நின்றுவிடும். 1990-இல் பால் கமிட்டி இதற்கு வழிமுறை வகுத்த பிறகு இந்தியச் சுரங்கங்களில் போல்ட் பரவலானது.

இதில் எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு: முட்டு கொடுக்கப் போகிறவரும் முட்டு உள்ள இடத்தில் நின்றுதான் கொடுக்க வேண்டும். நிரந்தர முட்டு வரும் வரைக்கும் தற்காலிக முட்டு வேண்டும். கூரை பார்க்கப் போனவரே கூரை விழுந்து செத்தார் என்ற கதை திரும்பத் திரும்ப நடந்ததால் வந்த விதி அது.

இந்த அறிவில் தமிழர்களின் ரத்தமும் கலந்திருக்கிறது. கோலார் தங்கவயலில் வேலை செய்தவர்களில் பெரும்பகுதி வட ஆற்காடு, தர்மபுரி பக்கத்திலிருந்து போன தமிழர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறை வெறுமனே விழாது, அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். அதைச் சமாளிக்கத்தான் தங்கம் எடுத்த பள்ளங்களைக் கருங்கல் சுவராலும் பின்னால் கான்கிரீட்டாலும் நிரப்பினார்கள், பாறை உறுமுவதைக் கேட்கும் கருவிகளைப் பதித்தார்கள். தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-இல் அந்தத் தங்கவயலில்தான் தொடங்கியது. 2001-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். நிறுவனம் இன்றும் மத்திய சுரங்கத்துறையின் கீழ் இயங்குகிறது. அணைக்கும் சுரங்கப்பாதைக்கும் மலைச்சரிவுக்கும் ஆலோசனை சொல்கிறது. கூப்பிட்டால் வருவார்கள். கூப்பிடுவதற்கு ஒரு கடிதம் போதும்.

சரி, அதெல்லாம் பூமிக்கடியில். இங்கே திறந்தவெளியில் மண்தானே வெட்டுகிறோம் என்பார்கள். திறந்தவெளிக் குவாரிக்கும் விதி இருக்கிறது, அதுவும் 1961-லிருந்து. உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளின் 106-ஆவது விதி சொல்வது இது: களிமண், சரளை, இடிபாட்டு மண் போன்ற இளக்கமான நிலத்தை வெட்டினால் பக்கச் சரிவு 45 டிகிரிக்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது. இல்லையென்றால் படிப்படியாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு படியும் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மேல் போகக் கூடாது, படியின் அகலம் உயரத்துக்குக் குறையக் கூடாது. அடியைக் குடைந்து மேலே துருத்திக்கொண்டு நிற்க விடவே கூடாது. கட்டட வேலைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 3764-ம் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்குப் பக்க முட்டு கேட்கிறது. கேரளப் பஞ்சாயத்துக் கட்டட விதிகளும் ஒன்றரை மீட்டர் தாண்டும் மண்வெட்டுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்கின்றன.

ஒன்றரை மீட்டர் என்றால் ஒரு ஆளின் தோள் உயரம். செங்கல் சூளைக்குக் களிமண் எடுக்கிற குழியில் பொருந்துகிற இந்தக் கணக்கு, அடிமாலியிலிருந்து சித்திரபுரம் வரும் வழியில் ஒரு ரிசார்ட்டின் பின்பக்கத்தில்கூடப் பொருந்துவதாகத் தெரியவில்லை. ஆறு மீட்டர், எட்டு மீட்டர் என்று ஒரே வெட்டாக நிற்கிறது. மேலே யூகலிப்டஸ் மரமோ ஏலத்தோட்டமோ பக்கத்து வீட்டுக் கக்கூஸ் குழியோ இருக்கும்.

இந்த மலையின் மண் வேறு மாதிரி. அடியில் கெட்டிப் பாறை. அதன் மேல் பல அடிக்குச் சிதைந்த செம்மண், நடுநடுவே உருண்டைக் கற்கள். கோடையில் வெட்டினால் கத்தி வைத்த மாதிரி நேராக நிற்கும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். மழைநீர் செம்மண்ணுக்குள் இறங்கிப் பாறையைத் தொட்டதும் மேற்கொண்டு போக வழியில்லாமல் பாறை மேலேயே ஓடும். பாறை சரிந்திருக்கும் பக்கம் எதுவோ அந்தப் பக்கம் மேலிருக்கும் மண் முழுக்க வழுக்கும். நாம் அடியை வெட்டி எடுத்திருந்தால் சாக்குமூட்டை அடுக்கில் அடிமூட்டையை உருவின கதைதான். அது விழுவதற்கு இடியும் மின்னலும் வேண்டியதில்லை. மழை நின்று வெயில் அடிக்கிற நாளிலும் விழும், உள்ளே போன தண்ணீர் மெல்ல இறங்கிக்கொண்டிருப்பதால்.

தடுப்புச் சுவர் வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். ஹிட்டாச்சி இரண்டு நாளில் வெட்டிப் போட்டுவிட்டுப் போய்விடும். வாடகை மணிக்கணக்கு, அதனால் முழு நீளத்தையும் ஒரே மூச்சில் வெட்டச் சொல்வார்கள். அதன் பிறகு கல்லுக்கும் கம்பிக்கும் பணம் புரளும் வரை வெட்டு அப்படியே நிற்கும். பத்து நாள் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். பிறகு ஆள் இறங்குவார்கள். வெட்டின மண்ணுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டடி சந்து. அதற்குள் முதுகை மண்ணுக்குக் காட்டிக்கொண்டு குனிந்து கம்பி கட்ட வேண்டும். முன்னால் பலகை அடித்திருக்கும், பக்கத்தில் கல் குவிந்திருக்கும். மண் இறங்கினால் ஓடுவதற்கு வழி கிடையாது. கலவை மிஷின் ஓடுகிற சத்தத்தில், மேலே வேர் அறுகிற சத்தம் காதில் விழாது.

"அண்ணே, மேலருந்து பொடிப்பொடியா கொட்டுதுண்ணே."

"அது காஞ்ச மண்ணுடா. இன்னிக்கு பெல்ட் கான்கிரீட் போட்டுட்டா அப்புறம் பயமில்ல. சீக்கிரம் கட்டு."

மேஸ்திரி கெட்டவர் இல்லை. அவரும் அதே சந்துக்குள்தான் நிற்கிறார். பொடி கொட்டினால் வெளியே வா என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தாலும், வெளியே வந்தால் அன்றைய கூலிக்கு யார் பொறுப்பு? சுரங்கத்தில் கூரை சரியில்லை என்று ஓவர்மேன் சொன்னால் அந்த ஷிப்டே வெளியே வரும், சம்பளம் பிடிக்க மாட்டார்கள். இங்கே வெளியே வந்தவனுக்கு மறுநாள் வேலை இருக்காது, வேறு ஆள் இருப்பான். போடியிலிருந்து ஜீப்பில் வருகிறவர், எஸ்டேட் கூலி கட்டுப்படியாகாமல் கட்டட வேலைக்கு வந்த லயத்துப் பையன், வங்காளத்திலிருந்து வந்த பாயி என்று வரிசையில் பலர் காத்திருக்கிறார்கள்.

சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. கட்டடத் தொழிலாளர் சட்டம் 1996-இலேயே வந்தது. மண் வெட்டுக்கும் சுரங்கப்பாதைக்கும் தனி அத்தியாயத்தோடு 1998-இல் மத்திய விதிகளும் வந்தன. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம், சுரங்கச் சட்டம் இரண்டையும் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் விழுங்கிக்கொண்டுவிட்டது. ஆனால் பழையதிலும் புதியதிலும் கட்டட வேலைக்கு வாசல் ஒன்றே: பத்துப் பேர். தடுப்புச் சுவர் கூட்டத்தில் நாலு பேர் இருப்பார்கள், மிஞ்சிப் போனால் ஆறு பேர். ரிசார்ட் முதலாளி காண்ட்ராக்டருக்குக் கொடுப்பார், காண்ட்ராக்டர் மேஸ்திரிக்குக் கொடுப்பார், மேஸ்திரி நாலு பேரோடு வருவார். வேலையில் யாரும் யாருக்கும் முதலாளி இல்லை என்று காகிதம் சொல்லும். தொழிலாளர் துறை இன்ஸ்பெக்டர் அங்கே எட்டிப் பார்ப்பதற்குக் காரணமே இல்லாமல் போய்விடுகிறது.

இது ரிசார்ட்டோடு முடிகிற கதையும் இல்லை. மூணாறு–போடிமெட்டு சாலையை அகலப்படுத்தியபோது 2019 அக்டோபரில் கேப் ரோட்டில் வேலை நடந்துகொண்டிருந்த இடத்திலேயே பாறைச் சரிவு வந்து வேலையாட்களை வாரிக்கொண்டு போனது. 2020 ஜூனில் அதே மலை மறுபடி சரிந்து கீழே பைசன்வேலிப் பக்கத்து விளைநிலங்களை மூடியது. சாலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. மழைக்காலத்தில் இன்றும் அங்கே கல் விழுகிறது, இரவுப் போக்குவரத்தை நிறுத்துகிறார்கள். 2025 அக்டோபர் 25 இரவு அடிமாலி கூம்பன்பாறையில் தேசிய நெடுஞ்சாலைக்காக வெட்டின மலை லட்சம்வீடு குடியிருப்பின் மேல் இறங்கியது. விரிசல் கண்டு பல குடும்பங்களை முன்பே வெளியேற்றியிருந்தார்கள். வீட்டுக்குத் திரும்பிப் போன தம்பதியில் கணவர் இறந்தார். சித்திரபுரத்துச் சாவுக்கும் இதற்கும் இடையே ஒன்றரை மாதம்கூட இல்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் எழுபது பேரை இழந்த தாலுகா இது. அது இயற்கைச் சரிவு, யாரும் வெட்டின மலை இல்லை என்று சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். இயற்கையாகவே இறங்குகிற மலையில் நாமும் அடியை வெட்டுகிறோம் என்பதுதான் என் கவலை.

பள்ளிவாசலில் மலையைக் குடைவது புதிதுமில்லை. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940-இல் இங்கேதான் ஓடத் தொடங்கியது. 60 மெகாவாட் விரிவாக்கத் திட்டத்துக்காகவும் இந்த மலைக்குள் சுரங்கப்பாதை குடைந்தார்கள். அந்த மாதிரிப் பாதைகளில் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் புவியியலாளர் வந்து பாறையின் தரத்தைப் பார்த்து எழுதுவார். அதற்குத் தக்கபடி போல்ட்டோ கான்கிரீட் பீய்ச்சலோ இரும்பு வளைவோ வரும். மலைக்குள் போகிறவருக்கு இவ்வளவும் உண்டு, அதே மலையின் வெளிப்பக்கத்தில் நிற்கிறவருக்குத் தலையில் ஹெல்மெட்கூட இல்லை. ஹெல்மெட் இருந்தாலும் பிரயோஜனமில்லை என்பது வேறு விஷயம். டன் கணக்கில் மண் இறங்கும்போது அது என்ன செய்யும்?

வழி இல்லாமல் இல்லை. எல்லாமே காசு பிடிக்கிற வழிகளும் அல்ல.

முதலாவது, முழு நீளத்தையும் ஒரே தடவையில் வெட்டுவதை நிறுத்த வேண்டும். முப்பது மீட்டர் சுவர் என்றால் மூன்று மூன்று மீட்டராகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்று வெட்டட்டும். வெட்டின துண்டில் சுவர் எழும்பி, பின்னால் சரளை நிரப்பி, தண்ணீர் வடிய ஓட்டை விட்ட பிறகு நடுவில் விட்ட துண்டைத் தொடட்டும். விட்டு வைத்த மண் தூணாக நின்று இரண்டு பக்கத்தையும் தாங்கும். நிலக்கரிச் சுரங்கத்தில் கரியையே தூண்களாக விட்டுவிட்டுச் சுற்றிலும் எடுப்பது இந்தக் கணக்கில்தான். இதில் கூடுதல் செலவு என்பது ஹிட்டாச்சியை இரண்டாம் முறை கூப்பிடுகிற வாடகை மட்டும். உயரமான வெட்டு என்றால் மேலிருந்து கீழாக வர வேண்டும்: ஒன்றரை மீட்டர் வெட்டி, கம்பியை மண்ணுக்குள் ஆழமாக இறக்கி, வலை கட்டிக் கான்கிரீட் பீய்ச்சி, அது இறுகிய பிறகே அடுத்த ஒன்றரை மீட்டர். இது காசு பிடிக்கும். அந்தக் காசு இல்லாதவர் அந்த உயரத்துக்கு வெட்டக் கூடாது.

அடுத்தது மெமோ. ஸ்டாப் மெமோ என்பது ஒரு காகிதம். வில்லேஜ் ஆபீசிலிருந்து வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை மறுபடி தொடங்கும், சனி ஞாயிறில் சுவர் எழும்பிவிடும். திங்கள்கிழமை வருகிற அதிகாரி கட்டி முடித்த சுவரைப் பார்ப்பார். மெமோ கொடுத்த அன்றே மண் வெட்டும் மிஷினைப் பிடித்து வைக்கவும், வெட்டைப் பாதுகாப்பாக்கும் பொறுப்பை அதிகாரிகள் கையில் எடுத்துச் செலவை முதலாளியிடம் வசூலிக்கவும் உத்தரவு வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் நின்ற வெட்டுதான் எல்லாவற்றிலும் மோசம். முட்டும் இல்லை, பழைய சரிவும் இல்லை. மெமோவே அப்படிப்பட்ட வெட்டுகளை உண்டாக்கிவிட்டுப் போகிறது என்பதை வருவாய்த்துறை யோசித்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவதாக, ஹாங்காங்கைக் கொஞ்சம் பார்க்கச் சொல்கிறேன். அங்கேயும் மலை, அங்கேயும் செங்குத்து வெட்டு, அங்கேயும் கொட்டுகிற மழை. 1972 ஜூன் 18 அன்று ஒரே நாளில் இரண்டு சரிவுகளில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். 1976-இல் அதே பகுதியில் மறுபடியும் சாவு. 1977-இல் சரிவுகளுக்கென்றே ஓர் அரசு அலுவலகம் திறந்தார்கள். மனிதர் வெட்டின, கொட்டின சரிவுகளை எண்ணினார்கள், ஏறக்குறைய 60,000. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு எண், எண் பொறித்த தகடு, அதைப் பராமரிக்க வேண்டியவர் யார் என்ற குறிப்பு. யார் வேண்டுமானாலும் எண்ணை வைத்துத் தேடிப் பார்க்கலாம். ஆபத்தான சரிவின் சொந்தக்காரருக்கு நோட்டீஸ் போகும். அவர் செய்யாவிட்டால் அரசே செய்துவிட்டு பில் அனுப்பும்.

பள்ளிவாசல் பஞ்சாயத்தில் அறுபதாயிரம் வெட்டு கிடையாது. ஒரு ஓவர்சியர், ஒரு வில்லேஜ்மேன், கையில் போன், இவ்வளவுதான் தேவை. மூன்று மீட்டருக்கு மேல் செங்குத்தாக நிற்கும் ஒவ்வொரு வெட்டையும் படம் எடுத்து, எண் போட்டு, சொந்தக்காரர் பெயரோடு பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டலாம். எதற்கு அடியில் வீடு இருக்கிறது, எதற்கு அடியில் வேலை நடக்கிறது என்று சிவப்பில் குறிக்கலாம். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் நிலச்சரிவு வரைபடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அது மலையைக் காட்டும், போன வாரம் வெட்டின வெட்டைக் காட்டாது. அதை ஊரில் இருக்கிறவர்கள்தான் காட்ட முடியும்.

ஆரஞ்சு, சிவப்பு அலர்ட் நாட்களில் டூரிஸ்டுகளைத் தடுக்கிறோம், பள்ளிக்கு லீவு விடுகிறோம். வெட்டுக்கு அடியில் நடக்கும் வேலைக்கும் தடை போட்டு, அலர்ட் முடிந்து இரண்டு நாள் கழித்து, மேலே விரிசல் இருக்கிறதா, ஊற்று புதிதாகக் கிளம்பியிருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆளை இறக்க வேண்டும். அந்த நாட்களின் கூலியில் பாதியையாவது முதலாளி தரட்டும். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டுகிறவருக்கு நாலு பேரின் இரண்டு நாள் கூலி பாரமில்லை. ஆள் எண்ணிக்கை பத்துக்குக் கீழே இருந்தாலும் ஒன்றரை மீட்டருக்கு மேல் மண் வெட்டுகிற எந்த வேலைக்கும் பாதுகாப்பு விதி பொருந்தும் என்று புதிய தொகுப்புச் சட்டத்துக்கான மாநில விதிகளில் கேரள அரசு ஒரு வரி சேர்த்தால், மேஸ்திரிக்குக் கீழே மேஸ்திரி என்ற கண்ணாமூச்சி விளையாட்டும் குறையும்.

இதில் பலவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005 மாவட்ட ஆட்சியரிடம் போதுமான அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. அதன் 51-ஆவது பிரிவின்படி உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை. மீறியதால் உயிர் போனால் இரண்டாண்டு வரை. தடுப்புச் சுவர் வேலைக்கு மேலே சொன்ன முறைகளைக் கட்டாயமாக்கி அந்தச் சட்டத்தின் கீழ் ஓர் உத்தரவு போட இடுக்கி கலெக்டருக்கு ஒரு நாள் போதும். பள்ளிவாசல் பஞ்சாயத்து தன் வெட்டுகளின் பட்டியலை இடவப்பாதி மழைக்கு முன்னால், அதாவது மே மாதம் முடிவதற்குள், ஆபீஸ் சுவரில் ஒட்டட்டும். முதல் எண்ணைச் சித்திரபுரத்தில் அந்த இரண்டு பேர் நின்ற வெட்டுக்குக் கொடுங்கள்.